உன் பெயர் இருந்த கட்டம்

கையெழுத்துப் போடப் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தேன். உன் மணிக்கட்டுப் பட்டை கையில் வந்தது. நீலப் பட்டை, சுருள் ஒயர், நுனியில் கருவியின் உலோகச் சட்டத்தில் மாட்டுகிற கிளிப். உடம்பிலிருக்கும் மின்சாரம் விமானக் கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் கார்டைக் கெடுத்துவிடக் கூடாதென்று வேலைநேரம் முழுக்க நீ கட்டியிருந்தது. காரியம் முடிந்த அன்று உன் தங்கை என்னிடம் கொடுத்தாள். ஒன்றரை வருஷமாகியும் உள்பக்கத்து வியர்வைக் கறை போகவில்லை. இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? நான் ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தேன்.

பெங்களூர் லேபில் நம்மூர்ப் பேச்சுப் பேச நாம் இரண்டு பேர்தான். நான் சங்கரன்கோவில், நீ சிவகிரி. விமானி முன்னால் இருக்கும் திரைகளைப் பழுது பார்ப்பதற்குக் கையேடு எழுதுவது என் வேலை. நான் எழுதியபடி மட்டும், ஒரு சொல் கூடாமல் குறையாமல், செய்து பார்ப்பது உன் வேலை. என் முதல் கையேட்டில், 'கார்டை வெளியே எடுக்கவும்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில்தான் 'எச்சரிக்கை: பட்டை அணிந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். நீ வெறுங்கையால் கார்டை உருவினாய். பிறகு அடுத்த வரியைச் சத்தமாக வாசித்தாய்.

"ஏட்டி, குளத்துல குதிச்சப்புறமாத்தான் ஆழம் சொல்லுவியோ?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டை கெட்டணும்னு இங்கன யாருக்குத் தெரியாது?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சவளுக்கு எதுக்குட்டி உன் புஸ்தகம்?"

அது கழித்துப் போட்ட கார்டு. வேண்டுமென்றே அதை வைத்திருந்தாய், கள்ளி! இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வரிகளை மாற்றி எடுத்து வந்தேன். நீ டீ வாங்கிக் கொடுத்தாய்.

இப்போது அம்மாவுக்காக ஊரோடு வந்துவிட்டேன். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம், மாடியில் அதே கையேட்டு வேலை. இன்று காலை ஒரு புதுப் பதிப்பின் படிவம் வந்தது. 'செய்து பார்த்தவர்' என்ற கட்டத்தில் உன் பெயர். பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். மேலாளருக்குப் போன் போட்டேன்.

"இருக்கட்டுமே மேடம். ரெண்டு வரிதானே மாறியிருக்கு? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அந்த இரண்டு வரி என்ன தெரியுமா? பட்டையின் கிளிப்பை மாட்டும் இடம் மாறியிருக்கிறது. படத்தில் சுலபமாகத்தான் தெரிகிறது. அங்கே கை போகுமா என்று ஒருத்தரும் மாட்டிப் பார்க்கவில்லை.

"அவங்க செத்துப்போயிட்டாங்க சார்."

"எனக்கும் வருத்தம்தான். ஆனா இப்ப செஞ்சு பாக்க ஆள் இல்ல. வீட்டுலருந்து வேலைங்கிறது எல்லாருக்கும் குடுக்கிறதில்ல. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். கீழே அம்மா இருமிக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் நான் மறுபடி பெங்களூருக்கு ஓட வேண்டும், அவளை யார் பார்ப்பது? பயந்தேன், உன்னிடம் என்ன மறைப்பு. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மாத்திரை அட்டையைத் திருப்பி வாசித்துப் பார்க்காமல் ஒன்றைக்கூட விழுங்காதவள் நீ. உன் பெயரை வைத்தா பொய் சொல்வார்கள்? என்ன நெஞ்சழுத்தம்!

படிவத்தை அச்செடுத்து, உன் பெயரை ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் 'யாரும் செய்து பார்க்கவில்லை' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். மேலாளருக்கு மட்டுமில்லை, ஒப்புதல் தர வேண்டிய எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

போன் அடிக்கிறது. அவர்தான். முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன், எத்தனை தடவை கேட்டாலும். அடிக்கட்டும், கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் உன் பட்டையை இடது கையில் கட்டிக்கொள்கிறேன்.

கட்டியாச்சுட்டி. இப்போது எடுக்கிறேன்.