மூன்றாம் மாதம், இருபதாம் தேதி

1975 மார்ச் 24, திங்கள்

பினாங்கிலிருந்து கடிதம். அண்ணன் செல்வதுரை இறந்த பிறகு வந்த முதல் கடிதம், மதினி எழுதியது. முழுக்கச் சீன எழுத்து. பினாங்குக் கப்பல் வந்து நிற்கும் நாகப்பட்டினத்தின் பேர் மட்டும் இங்கிலீஷில். கூடவே ஒரு போட்டோ. மதினியின் மடியில் பையன். அவனுக்கு அப்படியே அண்ணனின் காது.

அம்மா போட்டோவை விளக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன், “அந்தச் சீனத்தியக் கூட்டிக்கிட்டு இங்கன வராத” என்று அண்ணனுக்கு எழுதச் சொன்னவள் அவள்தான். எழுதிய கை என்னுடையது.

“என்ன போட்டிருக்கான்னு பாருளா. அத்தன புஸ்தகம் படிக்கியே” என்றாள் கடைசியில்.

மார்ச் 27

பொன்னுதுரை அண்ணாச்சி கடையிலிருந்துதான் கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கோழி எல்லாம் போகிறது. நான் அங்கே டைப்பிஸ்ட். இன்று சிங்கப்பூர்க் கப்பலின் சமையல்காரர் லிம் வந்து முருங்கைக்காய்க்கும் புடலங்காய்க்கும் தமிழ்ப் பெயர் கேட்டார். சொன்னேன். பதிலுக்கு, சீனத்தில் ஒன்று முதல் பத்து வரை பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. நாலில்தான் ஏமாற்றிவிடுகிறார்கள்.

“ஏளா, எந்தச் சீனாக்காரனுக்கு லெட்டர் போடப் போற?” என்று அண்ணாச்சி கேலி செய்தார்.

கடிதம் கைப்பையில்தான் இருந்தது. லிம்மிடம் காட்டியிருக்கலாம். கடையில் நாலு பேர் நின்றார்கள். அண்ணன் யாரைக் கட்டினான் என்று எங்கள் முத்தையாபுரத்தில் யாருக்கும் தெரியாது.

போகும்போது லிம் தன் பழைய சீன - இங்கிலீஷ் அகராதியைக் கொடுத்தார். கப்பல் ஜூனில் திரும்புமாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அகராதியில் அகரவரிசை கிடையாது. எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ணித்தான் தேட வேண்டும். ஒரு எழுத்துக்குக் கால் மணி நேரம். பத்து நாளில் கிடைத்தவை: நான். பிள்ளை. கப்பல். வருதல். மூன்றாம் மாதம், இருபது.

வருகிறார்கள்.

ஆனால் மார்ச் இருபது, கடிதம் வருமுன்பே போய்விட்டதே? அம்மா யோசிக்கவே இல்லை. “மூணாம் மாசம்னா ஆனிதான? சித்திரை, வைகாசி, ஆனி. ஒங்க அண்ணன் என்னைக்கு இங்கிலீஷ் மாசம் போட்டான்? அவளுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்திருப்பான்.”

சரிதான். அண்ணனின் எல்லாக் கடிதத்திலும் தமிழ் மாதம்தான். ஆனி இருபது என்றால் ஜூலை நாலு.

கடைசி இரண்டு வரி பிடிபடவில்லை. கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. நலம் கேட்டிருப்பாள். எல்லாக் கடிதமும் அப்படித்தானே முடியும்.

ஏப்ரல் 7

மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் அவளோடு நாலு வார்த்தை பேசப் பழகிவிடுவேன்.

மே 1

கடை விடுமுறை. அம்மா மஞ்சள் துணி எடுத்துப் பையனுக்குச் சட்டை வெட்டினாள். நான் ‘வா’ என்ற எழுத்தை இரண்டு பக்கம் எழுதினேன். லாய். அம்மாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. அடுப்படியிலிருந்து பூனையை லாய், லாய் என்று கூப்பிடுகிறாள். நாங்கள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 10

லிம் வந்தார். துறைமுகத்தில் மதினியிடம் சொல்ல நல்லதாக ஒரு வாக்கியம் வேண்டும் என்று கடிதத்தைக் காட்டினேன். படித்தார். எப்போது வந்தது என்று கேட்டார். மறுபடி படித்தார்.

மூன்றாம் மாதம் என்பது சீனர்களின் நிலாக் கணக்காம். கணக்குப் போட்டுச் சொன்னார். மே ஒன்று.

இந்த நோட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. மஞ்சள் துணி. பூனை.

கடைசி இரண்டு வரியையும் வாசித்துச் சொன்னார்: எங்களை ஏற்றுக்கொண்டால் கரைக்கு யாராவது வாருங்கள். யாரும் வராவிட்டால் புரிந்துகொள்வேன். அதே கப்பலில் திரும்பிவிடுவேன்.

ஜூன் 11

நாகப்பட்டினத்துக்கு அண்ணாச்சி டிரங்க் கால் போட்டு விசாரித்தார். ஒரு சீனத்தி கைப்பிள்ளையோடு நாலு நாள் காத்திருந்தாளாம். கப்பல் மெட்ராஸ் போய்த் திரும்பியதும் ஏறிவிட்டாளாம்.

இப்போது முத்தையாபுரத்துக்கே தெரியும். ஒன்றும் ஆகிவிடவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. “வராதன்னு எழுதுனது மட்டும் சுருக்காப் போய்ச் சேந்துட்டு, என்னளா” என்றாள்.

ஜூன் 12

மார்ச்சிலேயே லிம்மிடம் கடிதத்தை வெட்கத்தால்தான் காட்டவில்லை என்று எழுதிவிடலாம். அது முழு உண்மை இல்லை. நானே வாசிக்க வேண்டும், எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக அது இருக்க வேண்டும் — அந்த ஆசை. அவர் இரண்டு நிமிஷத்தில் வாசித்துவிட்டார்.

1976 ஏப்ரல் 21, நாகப்பட்டினம்

மதினிக்கு நாலு கடிதம் போட்டேன், சீனத்திலேயே. கடைசிக் கடிதத்தை லிம் திருத்தித் தந்தார். அவர்கள் கணக்கில் அடுத்த மூன்றாம் மாதம் வரும் கப்பலுக்குக் கரையில் நிற்போம் என்று எழுதியிருந்தேன். பதில் இல்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை.

கப்பல் தூரத்தில் நிற்கிறது. ஆட்களைப் படகில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மஞ்சள் சட்டையைத் தையல் பிரித்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள் அம்மா. ஒவ்வொரு படகுக்கும் எழுந்து நின்று, வாய்க்குள் லாய் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசிப் படகும் வந்தாயிற்று. போவோமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“அவ நாலு நாள் இருந்தாள்லா” என்றாள்.

சத்திரத்தில் அறை கேட்கப் போகிறேன்.