கருவாட்டுத் தவம்

1989 பெப்ரவரி 8, விபூதிப் புதன், மாத்தளை

கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்த கணவர் நோபர்ட் கதவைத் தாண்டுமுன்பே அறிவித்தார்: தவக்காலம் முடியும்வரை இறைச்சி தொடமாட்டாராம். தினமும் சுத்தபோசனம். எங்கள் வீட்டில் சுத்தபோசனம் என்றால் கருவாடு. இவருக்கு இதயம் பலவீனம், உப்பை விட்டுவிடுங்கள் என்று டொக்டர் பதுர்தீன் போன மாதம்தான் சொன்னார். பின்னேரமானால் இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்திய இடம் பள்ளமாக நிற்கிறது. ஆனால் நோபர்ட் ஆண்டவருக்காகத் துறப்பது எதை? மாதம் ஒருமுறை கிடைக்கிற கோழியை.

பெப்ரவரி 11

நோபர்ட்டின் அக்கா மார்ஜரி ஒரு பார்சல் கட்டாக் கருவாட்டோடு வந்தாள். கடைகளை மூடச்சொல்லி யாரோ துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், மீன் லொறி மலையேறி வருவதில்லை. கருவாடு மட்டும் எப்படியோ வந்து சேர்கிறது.

"தம்பி தவம் இருக்கான் டொறீன். வாய்க்கு ருசியா ஏதாச்சும் வேணாமா?"

தவம் என்றால் என்ன என்று இவளிடம்தான் படிக்கவேண்டும்.

பெப்ரவரி 14

நாளை தேர்தல். வாக்குப் போட்டால் சாவு என்று மதிலில் எழுதியிருக்கிறது. நானோ சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேராதனை நூலகத்தில் வாசித்த கட்டுரை — இதயம் வெறும் பம்பு அல்ல, சுரப்பியும்கூட. இரத்தம் மிகுந்து மேலறைச் சுவர் இழுபடும்போது அங்கிருந்து ஓர் ஓமோன் கிளம்பி, சிறுநீரகத்திடம் போய், உப்பை வெளியே தள்ளு என்கிறது. உப்போடு நீரும் போகிறது. உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தி கொட்டாவி விட்டாள். நோபர்ட் அக்கறையாகக் கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"அப்ப உப்ப நெஞ்சே தள்ளிரும்?"

"ஆமா, ஆனா —"

நான் 'ஆனா'வை முடிக்குமுன் இரண்டாவது கருவாட்டுத் துண்டு பீங்கானில் விழுந்துவிட்டது.

பெப்ரவரி 19

"என் நெஞ்சு அது வேலயப் பாக்குது. நீ ஒன் வேலயப் பாரு."

பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேருக்கும் இதையே விளக்கினார். பெண்சாதி சயன்ஸ் டீச்சராம், அவளே சொன்னாளாம்.

பெப்ரவரி 23

வேறு வழியில்லாமல் சிறில் ஃபாதரிடம் முறையிட்டேன். வீட்டுக்கே வந்தார்.

"நோபர்ட், இந்த வருஷம் ஒங்களுக்குச் சுத்தபோசனம் கெடையாது. கெடச்சா கோழி, கெடைக்காட்டி பருப்பு. உப்பில்லாம. அதுதான் ஒங்க தவம்."

"சரி ஃபாதர்."

அவ்வளவுதான்! விலங்கியல் பட்டம் வாங்கியதற்குப் பதிலாக நானும் ஒரு வெள்ளை அங்கி தைத்திருக்கலாம்.

பெப்ரவரி 25

உப்பில்லாப் பருப்பு. நோபர்ட்டின் முகம் சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் நிலை, ஆண்டவர் உயிர்விடும் இடம்.

மார்ச் 5, ஞாயிறு

வீக்கம் ஏன் இறங்கவில்லை என்று இன்று தெரிந்தது. பூசை முடிந்து அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றவரைத் தேடிப்போனால், மார்ஜரியின் குசினியில் கருவாட்டுக் குழம்போடு உட்கார்ந்திருக்கிறார். வாரந்தோறும் இதுதானாம்.

"ஃபாதர் தவம்னுதானே சொன்னாரு? தவக்காலக் கணக்குல ஞாயித்துக்கெழம சேராது. வேணும்னா போயி கேளு."

உண்மைதான். திருச்சபை ஞாயிற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைச் சிறுநீரகத்துக்கு யார் போய்ச் சொல்வது?

மார்ச் 13

நேற்று மறுபடி ஞாயிறு. விடியும்போது நோபர்ட்டால் படுக்க முடியவில்லை. குந்தியபடி வாயால் மூச்சு வாங்கினார், நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். ஊரடைப்பு, பஸ் இல்லை. தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி லொறியை மறித்தேன். டிரைவர் அழகமுத்து ஒரு கேள்வியும் கேட்காமல் பூசணி மூட்டைகளைத் தள்ளி இடம் ஒதுக்கினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் போத்தல் போத்தலாக நீர் பிரிந்து மூச்சுத் திணறல் இறங்கியது. நான் அழவில்லை, கத்தினேன்.

"அன்னைக்கு என்னைய முடிக்க விட்டீங்களா? நெஞ்சு சொல்லுது, சரி. பலவீனமான நெஞ்சு இன்னும் சத்தமா சொல்லுது. ஆனா கிட்னி கேக்கணுமே! உப்பப் புடிச்சு வையி, புடிச்சு வையின்னு வேற ஓமோன் எல்லாம் எதிர்ப்பக்கம் நின்னு கத்துது. கிட்னி அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. நீங்க கருவாட்டப் போடப்போட ஒங்க நெஞ்சு கத்திக் கத்தியே களைச்சுப் போகும்."

பக்கத்துக் கட்டில்காரர் தன் தேங்காய்ச் சம்பலை மெல்ல மூடிவைத்தார்.

நோபர்ட் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

"எப்பருந்து கத்துது?"

"கால் வீங்குறதுக்கு முந்தியே."

ஆண்டவரையும் அக்காவையும் இழுக்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மார்ச் 14

போயிருந்தா? ஒரு துண்டு கருவாட்டுக்காக என்னைய விட்டுட்டுப் போயிருந்தா? — இந்த மனுஷனோட என்னதான் செய்றது.

மார்ச் 26, உயிர்த்த ஞாயிறு

மார்ஜரி வீட்டில் விருந்து. அவள் கருவாட்டுப் பொரியலை நீட்ட, தம்பி பீங்கானைக் கையால் மூடிக்கொண்டார்.

"அனே, தவம் முடிஞ்சிருச்சே தம்பி!"

"இது தவம் இல்லக்கா. நெஞ்சுல ஒரு சுரப்பி இருக்கு. அதுலருந்து கிட்னிக்கு ஒரு கொழாய் போகுது. நெஞ்சு அந்தக் கொழாய் வழியாத்தான் கத்தும். நம்ம உப்பத் தின்னா அதுக்குத் தொண்ட அடைச்சிரும்."

மார்ஜரி வாய் பிளந்து கேட்டாள். பிறகு கருவாட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். நோபர்ட் உப்பில்லாத கோழியை ஒரு முறைப்பாடும் இல்லாமல் தின்றார்.

குழாய் எதுவும் கிடையாது, இரத்தம்தான் கொண்டுபோகிறது. சொல்ல வாயெடுத்தேன்.

குழாய் இருந்துவிட்டுப் போகட்டும்.