குணாளன் கேட்ட சோறு

அன்பு மகன் யுகேந்திரனுக்கு, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் அவள் மகள் தனுஜாவும் சுகம், பெர்த்தில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. போன தீபாவளிக்கு நீ நான்கு நிமிடம்தான் பேசினாய், அதை மறக்கவில்லை, ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

தனுஜா ஒரு வருடமாக வயிற்றுப்போக்கில் இளைத்துப் போனாளே, ரத்தம் சோதித்த டாக்டர் அவள் உடம்புக்குக் கோதுமை ஆகாது, ரொட்டி, மீ நூடுல்ஸ், பிஸ்கட் எதையும் தொடக் கூடாது என்றுவிட்டார். சோயா கிச்சாப்பிலும் பெருங்காயத்திலும்கூடக் கோதுமை கலக்கிறார்களாம். அதனால் போன சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் கோதுமையே சேர்க்காத ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். கடைக்காரப் பெண் ஐனா, "பயப்படாம சாப்பிடுங்க பாட்டி, கோதும மாவு இந்த வாசப்படிய தாண்டாது லா" என்றாள். தனுஜா தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்க்க வயிறு நிறைந்தது. அப்போது ஐனா தன் தம்பி கதையைச் சொன்னாள், அவனுக்காகத்தான் இந்தக் கடையாம். சின்னதில் அவனுக்கு வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, தொடைச் சதை வற்றித் தொங்குமாம். நோயாளிப் பிள்ளைக்குச் சோறு கனம் என்று அவள் உம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்தே கொடுத்தாராம், கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை கரைந்தானாம், ஒரு டாக்டர் கண்டுபிடித்துக் காப்பாற்றினாராம். எனக்குக் கரண்டி பாதியில் நின்றுவிட்டது. அவள் சொன்ன அடையாளம் எல்லாம் உன் அண்ணன் குணாளனுக்கும் இருந்தது.

நீ பிறக்குமுன் நாலு வயதில் போனவன், உனக்குப் படம்தான் தெரியும். அவனுக்கும் சோறு கனம் என்று காலையில் பாலில் ஊறிய ரொட்டி, மதியம் ரவைக் கஞ்சி, மாலையில் பிஸ்கட், ஆறு மாதம் ஒரு பருக்கைச் சோறு நான் கொடுக்கவில்லை. உன் அப்பாவின் தங்கை வீராயி எனக்குத் தெரியாமல் ரசஞ்சோறு ஊட்டியதை ஒரு நாள் கண்டேன். ஊதாச் சேலை, இடது கையால் தட்டை மறைத்தாள். அதற்குப் பத்தாம் நாள் பிள்ளை போனான். சாவு வீட்டில் எல்லார் முன்னும், "எம்புள்ளைய சோத்தப் போட்டே கொன்னுட்டா" என்றேன். நாற்பத்தொரு வருடம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை, அவள் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன், உங்களையும் பேசவிடவில்லை.

குணாளனுக்கும் இதே நோய்தானா என்று இப்போது யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது பாட்டி என்கிறாள் தனுஜா. எனக்குத் தெரியும். மறுநாளே சுங்கை பாக்காப்புக்குப் போய் வீராயியிடம் எல்லாம் சொன்னேன், நீ தெரிந்து செய்தாய், பாவி எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கு மட்டும் என்னா தெரியும் அண்ணி, புள்ள சோறு வேணும்னு கேட்டான், குடுத்தேன்" என்றாள்.

என்னிடமும் கேட்டான் மகனே. தினமும் கேட்டான்.

இது ரத்தத்தில் வருமாம், நீயும் பிள்ளைகளும் சோதித்துவிடுங்கள், அதுவரை ரொட்டியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் சோதனையில் தெரியாதாம். சின்னவன் தட்டைத் தள்ளினால் அடிக்காதே. அத்தைக்குப் போன் பண்ணு, இத்தனை வருடம் அம்மாதான் தடுத்தாள் என்று சொல், உண்மைதானே. நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும்.

உன் அம்மா
ருக்குமணி