ஐந்நூற்று ஒன்றாவது ஆளைத் தேடி

என் அக்காவைக் கைப்பிடித்த நாளிலிருந்து என்னைத் தம்பியாகவே நடத்திய பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். நான் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பதினொன்று. வாங்கிய டீ ஆறிப்போய்விட்டது. காலையில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை மேலே போய் அக்காவிடம் சொல்ல வேண்டும். உங்களிடம் பேசாமல் எனக்கு வேறு யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை, மாமா.

நீங்கள் இருக்கும்போதே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். "வயசாகுதில்ல" என்று சிரித்துக்கொள்வாள். அது வயது இல்லையாம். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது. சித்திரையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், ரெண்டு மூணு வாரத்தில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று. நான் பணத்துக்கு யோசித்துக்கொண்டு நின்றேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"பணத்துக்கு என்ன தம்பி? அவரு வாங்கி வெச்சுட்டுப் போன காசு இருக்குதில்ல? அதுல ரெண்டே ரெண்டு வித்தாப் போதும். மீதி அப்பிடியே இருக்கட்டும். நல்லா வெல ஏறட்டும்."

ரெண்டே ரெண்டு. அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், மாமா. நீங்கள் அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தீர்கள்.

பீளமேட்டு மில்லை மூடியபோது நீங்கள் ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மில் சங்கு ஊதாத காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று கேட்டீர்கள். செட்டில்மென்ட் பணம் பேங்கில் சும்மா கிடந்தது. அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தீர்கள். பம்பாய்க் கம்பெனி ஒன்று கோயில் கோபுரங்கள் பொறித்த நாணயங்களை வெளியிடுகிறது. முப்பத்திரண்டு வெள்ளி, நாலு தங்கம். ஐந்நூறு செட் மட்டும்தான் அடிப்பார்கள், அப்புறம் அச்சையே உடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு நம்பர், ஒரு சான்றிதழ். மாதம் ஒன்றாக ரிஜிஸ்தர் தபாலில் வரும்.

முதல் காசு வந்த அன்றே பெரிய கடை வீதிக்கு என் பட்டறைக்கு வந்தீர்கள். நான் நகைக்கு டச் பார்த்துக் கொடுக்கிறவன். பொன்னா, வெள்ளியா, எவ்வளவு கலப்பு என்று உரசிப் பார்த்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் பெட்டியை என் முன்னால் வைத்து, "இது சுத்தமான வெள்ளிதானான்னு பாத்துச் சொல்லுங் மாப்ளே" என்றீர்கள்.

"பெட்டியை உடைக்கணுங்களே மாமா. உரசுனா ஓரத்துல கோடு விழுமுங்க."

ரொம்ப நேரம் யோசித்தீர்கள். அப்புறம், "உடைங்க. ஒண்ணு போனாப் போகுது" என்றீர்கள்.

உரைகல்லில் உரசினேன், அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். "சுத்தமான வெள்ளிங்க மாமா. ஒரு குறையும் இல்லீங்" என்றேன்.

உங்கள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய், உரசிய காசுக்குப் பதிலாக அதே காசில் இன்னொன்று கேட்டுக் கம்பெனிக்கு எழுதினீர்கள், வரிசை குறைபடக் கூடாது என்று. ஐந்நூறுக்கு மேல் அடிக்க மாட்டோம் என்று விளம்பரம் சொன்ன காசு, கேட்ட பத்தாம் நாள் தபாலில் வந்து நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உறைத்தது, மாமா. அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அந்தக் காசில் எவ்வளவு எடை வெள்ளி இருக்கிறது, அதற்குச் சந்தையில் என்ன கிடைக்கும், நீங்கள் அதைப் போல எத்தனை மடங்கு கொடுத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் உரசிய நிமிடமே எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மாதம் கழித்து நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வெளியே வந்திருந்தீர்கள். அக்கா வீட்டு விஷயத்தில் நான் எதற்கு வாய் திறப்பது, உங்கள் பணம், உங்கள் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டேன். மூன்று வருஷம் ஒவ்வொரு காசாகக் கொண்டுவந்து என்னிடம் காட்டினீர்கள். மூன்று வருஷமும் நான் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். கடைசியில் தங்கக் காசுகள் வந்தபோது செட்டில்மென்ட்டில் மீதி ஒன்றும் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். முதலில் கம்பெனிக்கு எழுதினேன், நீங்கள் காலமான செய்தியைச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று. அழகான காகிதத்தில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். விற்ற காசைத் திரும்ப வாங்குவது தங்கள் வழக்கம் இல்லையாம். கூடவே இரண்டாவது வரிசைக்கு ஒரு விண்ணப்பப் படிவம். பழைய வாடிக்கையாளர் குடும்பம் என்பதால் நமக்குச் சலுகையாம்.

இங்கே பழைய காசு விற்கிறவர்களிடம் போனேன். ஒருவர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அருமையா வெச்சிருக்கறீங்க. ஆனா கேக்கறதுக்கு ஆளில்லீங்களே. எடைக்கு வேணா எடுத்துக்கறனுங்க" என்றார். இன்னொருவர்தான் வெள்ளகோவிலில் ஒருத்தர் இதே வரிசை மேல் பைத்தியமாக இருக்கிறார், அவருக்கு எழுதிப் பாருங்கள் என்று முகவரி கொடுத்தார். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் முருகேசன் என்பவர்.

நமக்கு அவசரம் என்று தெரிந்தால் விலையைக் குறைப்பாரே என்று, 'கோபுர வரிசை விஷயமாக நேரில் பேச வேண்டும்' என்று மட்டும் கார்டு போட்டேன். நாலாம் நாளே பதில் வந்தது: 'உடனே வாருங்கள். காத்திருக்கிறேன்.' அக்காவிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்கு அவள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போய் இறங்கினால், அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறார். வீட்டில் கோழிக் குழம்பு. அவர் மனைவி இலை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு நல்ல மனிதர் கையில்தான் உங்கள் காசு போய்ச் சேரப்போகிறது என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அவர் தன் ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். "முழு செட்டாவே எடுத்துக்கறீங்களா, இல்ல தனித்தனியா வேணுமுங்களா? நீங்களா ஒரு வெலை சொல்லுங்க, நான் பெருசா பேச மாட்டனுங்க" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பைக்குள்ளிருந்து உங்கள் இரண்டு காசுகளையும் எடுத்து அவர் ஆல்பத்தின் பக்கத்தில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஏனுங்க, பேசி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார்கள்.

அவர் தன் ஆல்பத்தை மூடினார். "மில்லு ஓட்ட முடியாமத்தானுங்க இத விக்கப் பாக்கறேன். ரெண்டு வருஷமாத் தேடறேன். உங்க கார்டு வந்ததும் சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன். ஐந்நூறு பேருகிட்டத்தான் இருக்குன்னு சொல்லி வித்தாங்க. ஆசப்பட்ட ஐந்நூறு பேரும் வாங்கியாச்சு. இனி ஐந்நூத்தி ஒண்ணாவது ஆளு எங்கீங்க இருக்கறான்?"

பஸ் ஏற்றிவிட வந்தவரிடம் அக்காவின் உடம்பைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு என்று ஒரு டின் எண்ணெயைக் கையில் திணித்தார்.

வீட்டில் அக்கா மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. "வித்துட்டயா தம்பி?" என்றாள்.

நான் பொய் சொன்னேன், மாமா. "பேசிட்டு இருக்கறாங்க அக்கா. நல்ல வெலைக்கு வருது, கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க" என்று சொல்லிப்போட்டேன். பொறுத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தாள். அந்த நேரத்தில் கரூர், திருப்பூர், உடுமலைப்பேட்டை என்று அலைந்தேன். எல்லா ஊரிலும் ஆல்பத்தைப் பார்த்து அழகு என்றார்கள், தராசை எடுத்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். தராசு என்னிடமும் இருக்கிறதே. ஒரு நாள் அக்கா கால் வீங்கிப்போய், செருப்பு நுழையாமல் நின்றாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அவரு உன்னயக் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாருங்க அக்கா."

"நீ என்ன சொன்னே?"

"சுத்தமான வெள்ளின்னு சொன்னேன்."

"குடுத்த காசுக்கு அது தேறுமான்னு?"

"அத அவரு கேக்கலீங்க அக்கா."

"கேக்காட்டி நீ சொல்ல மாட்டயா?"

அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் என்மேல் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பீர்கள். அதற்காகவா பயந்தேன்?

மறுநாள் அவளே ஆல்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "உன்ற பட்டறையிலயே உருக்கிப்போடு. வேற கைக்குப் போக வேண்டாம்" என்றாள். கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெட்டித் திறந்தேன். ஒன்றில்கூட ஒரு கைரேகை இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள். வெள்ளியைத் தனியாக, தங்கத்தைத் தனியாக, உருக்கும் மண்கிண்ணமான மூசையில் போட்டு ஊதினேன். கோபுரம் முதலில் மங்கியது, அப்புறம் சரிந்தது. உருகியபின் அது அபூர்வமான காசா, யாரோ போட்டுத் தேய்ந்த கொலுசா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. நீங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. சரவணம்பட்டியில் நான் வாங்கிப் போட்டிருந்த இடத்தையும் விற்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதைச் சித்திரையிலேயே விற்றிருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

காலையில் டாக்டர் சொன்னது இதுதான்: "நுரையீரல்ல தண்ணி சேந்திருக்குங்க. அப்பவே வந்திருந்தீங்கன்னா தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்பப் பாதிக்குப் பாதிதான். செய்யாட்டியும் ரொம்ப நாள் தாங்காது. நாளைக்குச் செய்யலாம். அவங்ககிட்ட எவ்வளவு சொல்லணுங்கறத நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

முடிவு பண்ணிவிட்டேன், மாமா. நான் மேலே போகிறேன். பிழைக்கிற பாதியையும் சொல்வேன், பிழைக்காத பாதியையும் சொல்வேன். இந்த நாட்களை என் பொய்தான் தின்றது என்பதையும் சொல்வேன். வேண்டாம் என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே இருப்பேன். சரி என்றால் தியேட்டர் கதவு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். எது நடந்தாலும் அது அவள் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரியின் ஒரே தம்பி,
உங்கள் மச்சினன்
கதிர்வேல்