இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுத்த நாள்

நாள் 198. காலை 7.10
நான்காம் பசுமைக்குடில், வால்பாறை மேல்முகடு. ஈரப்பதம் வெளியே 98, உள்ளே 47. செடிகள் 64. எல்லாம் நலம்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் கனகவல்லி, தாவரவியல் ஆய்வாளர். இங்கே வளர்வது கஞ்சா. புருவத்தை உயர்த்த வேண்டாம், அரசு உரிமம் சுவரில் தொங்குகிறது. இதைப் புகைத்தால் இருமல்தான் மிஞ்சும். மழை ஓயாத இந்த ஆறு ஆண்டுகளில் சமவெளிக் குடில்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்து அழிந்துபோயின. நான் உருவாக்கிய பதினேழாம் கலப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. இதன் எண்ணெய் வலிப்பை நிறுத்தும். பொள்ளாச்சி முகாமில் கிடக்கும் என் தம்பி சேந்தனுக்கு வேறு எந்த மருந்தும் ஒத்துவரவில்லை.
அவனிடம் முப்பது நாள் மருந்து இருக்கிறது. அறுத்து எண்ணெய் வடித்து முடிக்க எனக்கு இருபத்தாறு நாள் வேண்டும். போதும்.

நாள் 200. காலை 11.30
நிலச்சரிவு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பது இப்போது இல்லை. உடன் வேலை பார்த்த மூவரும் ஆயுதபூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், தப்பித்தார்கள். போவதற்கு முன் எனக்காகப் பொரியும் சந்தனமும் இரண்டு முழம் சாமந்தியும் வாங்கி வைத்திருந்தார்கள்.
மருந்தை எடுத்துப்போக டிரோன் வரும். இருவழி வானொலியில் நான் அழைத்தால்தான் ஏறும். இந்தக் காற்றில் சும்மா அனுப்பமாட்டார்கள்.

நாள் 201. மாலை 5.00
ஆயுதபூஜை. அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார். இன்றைக்கு மட்டும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார், வருஷம் முழுக்க உழைத்த மிஷினுக்கு ஒருநாள் ஓய்வு என்று. நானும் ஈரமுறிஞ்சியை நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டேன். 64 தொட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம். தனியாக இருப்பவளுக்கு இதுவும் ஒரு துணைதான்.
நிறுத்தியது ஆறு மணி நேரம். ஈரப்பதம் 71 வரை ஏறியது, இப்போது இறங்குகிறது. ஆறு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?

நாள் 205. காலை 8.40
ஆனது. ஐந்தாம் வரிசையில் மூன்று பூக்கொத்துகள் உள்ளுக்குள் அழுகியிருக்கின்றன. சாம்பல் பூஞ்சணம். உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்தேன்.
ஐந்தாம் வரிசைக்கு நேர் மேலே ஈரமுறிஞ்சி. அதில் மாலை. வாடும்வரை இருக்கட்டும் என்று நான்தான் விட்டுவைத்தேன். அதன் இதழ்களிலும் அதே சாம்பல். சாமந்தி இந்தப் பூஞ்சணத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். அந்த மாலையை ஈரமுறிஞ்சியின் மின்விசிறி வாயிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாள் 208. பிற்பகல் 2.15
இதுவரை 31 செடிகளை எரித்துவிட்டேன்.
பொள்ளாச்சியிலிருந்து சேந்தன்: "அக்கா, நான்தான். காலைல ஒருக்கா வந்துச்சு, சின்னதுதான், நீ பதறாத. செடியெல்லாம் எப்பிடி இருக்குது?"
நான்: "நல்லா இருக்குதுடா. பதினாறு நாள்ல அனுப்பிடறேன்."
வாயில் பொய் இவ்வளவு சுளுவாக வரும் என்று எனக்கே தெரியாது.

நாள் 212. காலை 9.00
மிச்சம் ஒன்பது. ஒன்பதே போதும், அவனுக்கு ஒரு வருஷம் வரும். விதையறைக்கு மாற்றி, கதவிடுக்குகளை மெழுகால் அடைத்தேன். ஓடையில் மண் சரிந்து விசைச்சுழலி பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, மின்சாரம் போதவில்லை. வானொலியின் பேட்டரியைக் கழற்றி மின்விசிறிக்குக் கொடுத்துவிட்டேன். கேட்கும் பகுதி மட்டும் டார்ச் செல்லில் ஓடுகிறது. பேச முடியாது. பேசினாலும் பொய்தானே சொல்லப்போகிறேன்.
அறுவடையன்று பேட்டரியைத் திரும்ப மாட்டி டிரோனை அழைப்பேன்.

நாள் 214. பிற்பகல் 1.20
பேட்டரிக்குள் நீர் இறங்கிப் புகைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே எல்லாம் கரி. விசைச்சுழலியும் மண்ணில் புதைந்துபோனது. மின்விசிறி நின்றுவிட்டது, இனி வானொலியில் பேசவும் வழியில்லை. அட்டையால் விசிறுகிறேன். ஈரப்பதம் 83.

நாள் 216. காலை 10.05
சேந்தனின் மனைவி நிலவரசி அழைத்தாள். அப்படியே எழுதிவைக்கிறேன்.
"அண்ணி, கேக்குதுங்களா? பக்கத்துக் கட்டில்ல ஒரு பாப்பா, ஆறு வயசு. ஒரு நாளைக்கு இருவது தடவ வருதுங்க. இவரு தன்னோட பாட்டில்ல பாதிய அதுக்குக் குடுக்கணும்னு நிக்கறாரு. எட்டு நாள்ல அக்கா அனுப்பிரும், பன்னண்டு நாள் மருந்த நான் எதுக்குக் கட்டிக் காக்கணும்ங்கறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி."
செத்துப்போன ஒலிவாங்கியில் கத்தினேன். கொடுக்காதே, கொடுக்காதே என்று. ஆறு வயதுக் குழந்தைக்கு மருந்து கொடுக்காதே என்றுதான் கத்தினேன். அதையும் எழுதிவைக்கிறேன்.
அங்கே கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு:
"சத்தங் காணோம். வேண்டாம்னா அண்ணி சொல்லியிருப்பாங்க. சரிங்க, குடுத்தர்றோம்."

நாள் 221. மாலை 4.30
செடிகள் 2. தொட்டியில் நான் வைத்த சந்தனப் பொட்டின் மேல் சாம்பல் படர்ந்திருக்கிறது. விதையறையை மெழுகால் அடைத்தபோது அதையும் உள்ளே வைத்துத்தான் அடைத்திருக்கிறேன். பொட்டைத் துடைக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.
சேந்தன்: "அக்கா, பாப்பா இன்னிக்கு எந்திரிச்சு ரெண்டு இட்லி தின்னுச்சு. ஒன்னையப் பாக்கணும்ங்குது. நாளைக்கு எம் பாட்டில் தீந்துரும். நடுவுல ரெண்டு நாள்தான, தாங்கிக்கறேன். மழைல நனையாத."
அவன் குரலைக் கேட்டு அழுதேன். அந்தப் பிள்ளை சாப்பிட்டது சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

நாள் 223. காலை 11.00
செடிகள் 0.
நிலவரசி: "அண்ணி, நேத்துலருந்து ஏழு தடவ."

நாள் 224. காலை 9.20
அறுவடை நாள். ஈரப்பதம் உள்ளே 98, வெளியே 98. செல் தீரப்போகிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது.
"அண்ணி, டிரோன் தயாரா நிக்குது. இவரு இன்னும் கண்ணு முழிக்கல... நீங்க கூப்புட்டீங்கன்னா போதும்... பாப்பா வேற சன்னல விட்டு நகர மாட்டீங்குது... சத்தங் காணோம். சரிங்க, மழைதான். மருந்து இல்லீன்னா அண்ணி சொல்லியிருப்பாங்க. நாங்க காத்துட்டு இருக்கறோம்."
ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது. அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே