உன் ஃப்ளாஸ்க்கும் அந்த ஒரு வரியும்

தோஸ்து,

இன்று காலை உன் பழைய ஃப்ளாஸ்க்கைக் கழுவினேன். எவ்வளவு கழுவினாலும் உன் சுலைமானி டீயின் ஏலக்காய் வாசனை போகவில்லை. நேற்று நம் டாக்டர்கள் சங்கக் கூட்டத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனேன்.

யார் கூட்டம் போட்டாலும் அங்கே ஒரு வாய் டீ குடிக்க மாட்டாய். "ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறாங்க" என்று நம் சங்கத் தலைவர் முணுமுணுப்பார். ஒருமுறை நானே கேட்டேன். "அவன் டீய குடிச்சிகினு அவனையே எப்டிம்மா திட்றது? எனக்கு வாய் வராது" என்றாய். சும்மா வீம்பு என்றுதான் நினைத்தேன்.

நம் சங்கத்தின் அந்த ஸ்டார் ஹோட்டல் மாநாட்டில் புரிந்தது. செலவு முழுக்க ஒரு மதுபானக் கம்பெனியின் அறக்கட்டளையுடையது. திருவொற்றியூரில் ஆலை வாசலுக்கு எதிரே இருக்கும் மதுக்கடையை அரசு அகற்ற வேண்டும் என்று தீர்மானத்தில் நீ எழுதியிருந்தாய். மேடையில் வாசித்தபோது அந்த வரியைக் காணோம். 'பொறுப்புடன் குடிக்கப் பழக்குவோம்' என்று இருந்தது. கம்பெனிக்காரர் யாரும் கேட்கவில்லை, மிரட்டவில்லை. சாப்பாடு போட்டவர் மனம் கோணக்கூடாது என்று நம்மவர்களே எடுத்துவிட்டார்கள். வெட்கக்கேடு!

நீ எழுந்தாய். "நம்மகிட்ட வர்ற வெல்டர் முருகன் குடிய வுட்டுட்டு தவிச்சிகினு கீறான். ஆலைல ஷிஃப்ட் முடிஞ்சி வெளிய வந்தா எதிர்லயே கடை. அவனுக்கு இன்னா பொறுப்பு சொல்லித் தரப் போறீங்க?" எல்லோரும் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும், "பசி உயிர் போவுது, அத்தோ வாங்கிக் குடு" என்றாய். பாரிமுனை பர்மா நூடுல்ஸ் கடையில் நின்றபடியே இரண்டு தட்டு காலி செய்தாய்.

நீ கண்மூடிய பிறகும் முருகன் கிளினிக்குக்கு வருகிறான். நடுவில் இருமுறை வழுக்கி, மறுபடி எழுந்தவன். "அந்தக் கட எப்பம்மா போவும்? ரயில்வே கேட்டு வழியா சுத்திகினு வூட்டுக்குப் போறேன்" என்றான் போன வாரம்.

அதே அறக்கட்டளை இந்த வருடமும் பணம் தர வந்தது. இப்போது சங்கச் செயலாளர் நான். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நேற்றைய கூட்டத்தை நம் கிளினிக் மாடியில், தகரக் கொட்டகையின் கீழ் வைத்தேன். டீ அவரவர் கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன்.

நான் ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். எதிரே, பிகு என்று முணுமுணுத்த அதே தலைவர் தன் பைக்குள் கையை விட்டு ஒரு ஃப்ளாஸ்க்கை எடுத்தார்.

என் டீ உன்னுடையது மாதிரி வரவில்லை, கசந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உன் வரியைச் சத்தமாக வாசித்தேன்.