லைட் மறுபடியும் எரிகிறது, கோமு

என் கோமுவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் விலாசம் எழுதவில்லை. போன இடத்திலும் யாருடைய வண்டிக்காவது கீழே படுத்துக்கொண்டு டார்ச் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இதை நாலு பேர் படித்தால் படிக்கட்டும். எனக்கு உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் வண்டியை விற்றுவிடு என்கிறார்கள்.

எஞ்சின் படம் போட்ட அந்த ஆரஞ்சு லைட் மறுபடியும் எரிகிறது. நீ இருந்தவரை அது எரிந்தால் எனக்கு ஒரு கவலையும் கிடையாது. "கோமு, உன்னைத்தான் கூப்பிடுது" என்று சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விடுவேன். இப்போது சாவியை யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை.

நம் இனியா வேறு எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்கிறாள். வயிற்றுவலி என்று நீ வாடகைக் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனதை அவள் பால்கனியில் நின்று பார்த்தாள். நீ கையாட்டினாய். அப்புறம் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தக் கார்தான் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து டாக்சி வேண்டாம், ஆட்டோ வேண்டாம், ஸ்கூல் வேனும் வேண்டாம். 'அம்மா வண்டி' ஒன்றுதான் வேண்டும். அது ஓடினால்தான் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவாள். ஏழு வயதுக் குழந்தையை, பிழைக்க வந்த ஊரில், இந்தக் கோந்த்வா பிளாட்டுக்குள் எத்தனை நாள் வைத்திருப்பேன்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், கோர்படி ரயில்வே கேட்டருகே வண்டி நின்றுவிட்டது. கேட் திறந்து எல்லோரும் கிளம்ப, நம் வண்டி மட்டும் அசையவில்லை. பின்னால் ஒரே ஹாரன். "ஓ காகா, காடி பாஜுலா க்யா" என்று ஒருவர் ஓரமாக எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். எடுக்க முடிந்தால் நான் ஏன் நடுவில் நிற்கப்போகிறேன்? இனியா காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாள். யாரோ தள்ளிக் கொடுத்து ஓரமாக வந்த பிறகு மெதுவாகத் தலையை நீட்டினாள்.

"அப்பா, அம்மா வண்டிக்கும் வயிறு வலிக்குதா?"

கொஞ்சம் ஆறவிட்டு வண்டியைக் கிளப்பி, அவளை வீட்டுக்கே திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன், கோமு.

அதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. டீச்சர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பாவம், எவ்வளவு நாள்தான் அவரும் பொறுப்பார்?

உன் ஸ்கேனரை எடுத்தேன். தீப்பெட்டி அளவில் இருக்கும் அந்தக் கறுப்புச் சாமானை நீ கல்யாண வீட்டுக்குக்கூட கைப்பையில் கொண்டுவருவாய். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது நீ பார்க்கிங்கில் யாருடைய வண்டியிலாவது செருகிப் பார்த்துக்கொண்டிருப்பாய். என் வீட்டுக்காரி சாக்கன் கார் கம்பெனியில் வண்டி டெஸ்டிங் வேலை பார்க்கிறாள் என்று நானும் பெருமையாகச் சொல்லிச் சமாளிப்பேன். ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கே செருகுவது என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

உன் பழைய போனில் பழுதின் பெயர் வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் என்று இருந்தது. ஆக்ஸிஜன் என்ற சொல்லைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பற்றி என்னிடம் பேசிய எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். புது சென்சார் வாங்கினேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் வீட்டுக்கே வந்து மாட்டிக்கொடுத்தார். லைட் அணைந்தது. சில நாளில் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை வேறொரு சென்சார் பெயர்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "வயரிங் மே லஃப்டா ஹை சாப். காடி ச்சோட்னி படேகி." வயரிங்கில் ஏதோ வில்லங்கம், வண்டியை ஒரு வாரம் பட்டறையில் விட வேண்டும் என்றார். எப்படி விடுவேன்? வண்டி தன்னை விட்டுவிட்டு கேட்டைத் தாண்டினாலே இவள் ஊரைக் கூட்டிவிடுகிறாள்.

வேறு வழி தெரியாமல் ஸ்கேனரில் 'அழி' என்று இருப்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அமுக்கினால் லைட் போய்விடும். கொஞ்ச தூரம் போனால் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் உட்கார்ந்து உன்னைத் திட்டவும் செய்தேன். வண்டிக்கு வாரம் தவறாமல் ஸ்கேன் பார்த்தாயே, உன் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொள்ளத் தோன்றவில்லையா உனக்கு? நான் கேட்டால் "கேஸ்தான் அத்தான்" என்றாய். எனக்கு உன்மேல் அடங்காத கோபம் இருக்கிறது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திட்டி முடித்த பிறகுதான் ஸ்கேனரைப் பற்றி நீ அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. "அத்தான், இது அழுக சத்தம் எந்த ரூம்ல இருந்து வருதுன்னுதான் சொல்லும். யாரு அடிச்சான்னு உள்ள போயி நாமதான் பாக்கணும்." நான் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடி போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு வண்டியின் போனட்டைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக் வேலை பார்த்தபோதுகூட நான் தள்ளிப் போய் நின்றேன். திறந்தால் குனிந்த உன் முதுகு அங்கே இருக்க வேண்டும், இருக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் திறந்தேன்.

கீழே, முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், கிழிந்த துணியும் பஞ்சுமாக எலிக்கூடு. பக்கத்தில் போகிற வயர்க்கற்றை கடிபட்டுச் செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எலியைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பந்தியே போட்டிருந்தார்கள். காய்ந்த உப்புமா, சப்பாத்தித் துண்டு, நான் இனியாவின் டிபனில் வைத்த கடலை மிட்டாய், டீயில் தோய்த்துத் தின்ன உனக்குப் பிடிக்குமே, மடிப்பு மடிப்பாக உதிருகிற காரி பிஸ்கட், எல்லாம் பாதிப் பாதியாக.

எந்தப் பயல் செய்த வேலை என்று வாட்ச்மேனைக் கூப்பிட வாயெடுத்தேன். இனியா என் கைக்குக் கீழே புகுந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீ போன பிறகு நான் பார்க்காத சந்தோஷம்.

"பாரு அப்பா. அம்மா சாப்ட்டா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. போன அமாவாசைக்குத் தென்காசியிலிருந்து அக்கா போனில் சொன்னபடி, பால்கனியில் காக்கைக்குச் சோறு வைத்தேன். அம்மாவுக்கு வைக்கிறோம், அம்மா வந்து சாப்பிடுவாள் என்று இவளிடம் சொன்னேன். பால்கனி முழுக்கப் புறாவுக்கு வலை அடித்திருக்கிறதே, காக்கை எப்படி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"நெட் போட்டிருக்கு நா, அப்பா. அம்மா கைசே, எப்டி வருவா? அதான் இங்க வெச்சேன். அம்மா ஹமேஷா, எப்பவும் இங்கதானே இருப்பா."

சாயங்காலம் தோறும் கீழே போய் வண்டியின் முன்னால் உட்கார்ந்து இவள் முணுமுணுப்பாள். விளையாடுகிறாள் என்று நான் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டு நிற்பேன். தன் பங்கில் பாதியை கிரில் வழியாக உனக்கு ஊட்டியிருக்கிறாள், கோமு. உடம்பு இளைக்கிறதே என்று நான் டாக்டரிடம் காட்டி டானிக் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டால் வைத்துக்கொண்டேதான் இருப்பாள். வயரை மாற்ற மாற்ற எலி கடிக்கும். ஒரு நாள் மறுபடியும் நடுரோட்டில் பிள்ளையோடு நிற்பேன், அப்புறம் இந்த வண்டியிலும் ஏற மாட்டாள். சொன்னால், உன்னை இரண்டாவது தடவை அவளிடமிருந்து பிடுங்குகிறேன். எதைச் செய்ய? நீ இருந்தால் உன்னிடம் கேட்பேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

சொல்லிவிட்டேன். தரையில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டது அம்மா இல்லம்மா, எலி" என்றேன்.

எட்டிக் கிரில்லை விரலால் தடவினாள். அப்புறம், "அப்போ இவ்ளோ நாளா அம்மா பசியாவே இருக்காளா?" என்று கேட்டாள்.

நான் உடைந்துபோனேன், கோமு. பார்க்கிங் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "அம்மாவுக்கு இனிமே பசிக்காதும்மா. வலிக்கவும் வலிக்காது. அம்மா எங்கயும் இல்ல" என்றேன். அடி என்றால் அடி, இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். நீ போன அன்றுகூட அழாத பிள்ளை, நேற்று எல்லாவற்றையும் சேர்த்து அழுது தீர்த்தாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

விக்கல் அடங்கியதும் பாவாடைப் பையிலிருந்து ஒரு காரித் துண்டை எடுத்தாள். நேற்றைய உன் பங்கு. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இத நான் சாப்பிடவா?"

மெக்கானிக்கிடம் எலி என்று சொன்னதும், வீட்டுக்கே வந்து வயரை ஒட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு வண்டி ஓடுமா, லைட் திரும்ப எரியுமா, இவள் அதில் ஏறுவாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன், கோமு. இனிமேல் இவள் சாப்பிடும்போது பக்கத்திலேயே இருப்பேன். உன் பங்கையும் இவள் தட்டிலேயே போடுவேன்.

உன் அத்தான்,
இனியாவின் அப்பா